‘அப்ஸ்காண்டு’ என்று எழுதுவதற்கு முன்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். விசாரணை அதிகாரியாகப் பாலக்காட்டிலிருந்து வந்திருந்த வக்கீல், கல்பாத்திக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர். எங்கள் கம்பெனியின் பெர்சனெல் மேனேஜர். வெல்டிங் பிரிவு மயில்சாமி. கம்பெனித் தரப்புச் சாட்சியாக நான், வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீஸ் கிளார்க். உள்ளே நாலு பேர். வெளியே ஜன்னலுக்கு அடியில் மயில்சாமியின் மனைவி சரோஜா. ஜன்னல் திறந்திருந்ததால் அவரையும் சேர்த்து ஐந்து பேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ஒரு ஆள் வராவிட்டால் பெயர்மேல் அமுக்குகிறீர்கள், சொற்கள் வரிசையாக விரிகின்றன, ஒன்றைத் தொடுகிறீர்கள், முடிந்தது. அந்த வரிசையில் கடைசியாக ஒரு சொல் இருக்கிறதே, அப்ஸ்காண்டு என்று, அதைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டு, அதற்குள் நானே மாட்டிக்கொண்ட கதை இது.

நான் பெரிய படிப்பாளி இல்லை. இடுக்கியில் ஆனைக்கரைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலையாகப் பார்த்து, கடைசியில் கஞ்சிக்கோட்டில் இந்தக் கம்பெனியில் வந்து நின்றேன். எனக்கு இங்கிலீஷ் வந்தது மேனேஜரால்தான். மலையாளி. கனமான சொற்களில் ஆசை கொண்டவர். ஒரு ஆள் வேலைக்கு வரவில்லை என்பதற்கு மட்டும் அவரிடம் ஆறு சொல் இருந்தது. காலையில் ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுப்பார், சாயங்காலத்துக்குள் நான் அதை ஏதாவது ஒரு கடிதத்தில் போட்டாக வேண்டும். இப்படியே பாதி அகராதி எங்கள் தொழிலாளர்களின் தலையில் இறங்கியது. நல்ல மனிதர். ஒரே குறை, சொல் பிடித்துவிட்டால் அதற்கு ஏற்ற ஆளைத் தேடுவார்.

அப்ஸ்காண்டு அவருக்கு ஹெட் ஆபீஸிலிருந்து வந்த சொல். வந்த மாதமே அதில் மயில்சாமி சிக்கினான்.

அவனுக்குக் கொழிஞ்சாம்பாறைக்கு அந்தப்பக்கம் ஒரு ஊர். எங்களிடம் ஒப்பந்தத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகவேண்டியவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வாரமாக ஆளைக் காணோம். போனும் எடுக்கவில்லை. ‘வரவில்லை’ என்று எழுதினால் சம்பளப் பிடித்தமும் ஒரு எச்சரிக்கைக் கடிதமும், அவ்வளவுதான். ‘அப்ஸ்காண்டு’ என்று எழுதினால் ஆள் தலைமறைவு என்று பொருள், பெயரையே அடித்துவிடலாம். பிறகு அவன் கேட்டில் புது ஆளாக வந்து நிற்க வேண்டும். ஆறு வருஷமும் போச்சு.

மேனேஜர் கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, “நீ ஒரு காரியம் செய். நேரே போய் வீட்டில் பார். ஆள் இல்லை என்னு எழுதி வாங்கிக் கொண்டு வா. பின்னே நம்மள் சேஃப்,” என்றார்.

நான் வெளியூர் போவதென்றால் முதல் நாளே பை கட்டிவிடுவேன். ஐடி கார்டு ஜெராக்ஸ் இரண்டு, தண்ணீர் பாட்டில், மாத்திரை, குடை எல்லாம் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கொழிஞ்சாம்பாறையில் பஸ் மாறி அந்த ஊரில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் வேப்பிலைத் தோரணம், தவில், பம்பை. மயில்சாமி வீடு எது என்று கேட்டேன்.

“அவுரு கோயில்லதானுங்க இருக்காரு. அப்பிடியே வரிசையில வாங்க,” என்றார் ஒருவர்.

வரிசை என்று சொன்னால் நான் நின்றுவிடுவேன். நடுவில் புகுந்து யாராவது திட்டினால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். நின்றேன். நகர்ந்தேன். வரிசையின் முனையில் பூசாரி மஞ்சள் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார்.

“கையை நீட்டுங்க.”

எங்கள் ஆனைக்கரைக் கோயில்களில் கயிறு கட்டுவார்கள், வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் கழற்றிப் போடுவோம். அந்த நினைப்பில் நீட்டினேன். கட்டினார். பக்கத்தில் நோட்டோடு இருந்தவர், “மாவிளக்குங்களா, பூவோடுங்களா?” என்றார். பூ என்றால் சுலபமாக இருக்கும் என்று நினைத்து, பூவோடு என்றேன். அது நெருப்புச் சட்டி என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அப்போதுதான் மயில்சாமி என்னைப் பார்த்தான். மஞ்சள் வேட்டி, வெறும் மேல், தாடி. கோயிலுக்கு முன்னால் நட்டிருந்த கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவன் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

“அண்ணா, நீங்களா? காப்புக் கட்டீட்டீங்களா?”

“கட்டிட்டாங்கப்பா. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். ஏழரைக்கு பஸ் இருக்கு, அதுக்குள்ள பேசிட்டு…”

“பஸ்ஸு போகுமுங்க. நீங்க போக முடியாதுங்களே.”

அங்கே நின்றபடியே அவன் எனக்கு விளக்கினான். அந்த ஊர் மாரியம்மன் நோம்பியில், அதாவது திருவிழாவில், கம்பம் வெட்டி வந்து நடுவது சில குடும்பங்களின் முறை. அந்த வருஷம் இவன் குடும்பத்து முறை. கம்பம் நட்ட அன்றைக்கே முறைக்காரர்களுக்கு முதல் காப்பு. பூவோடு எடுப்பவர்களுக்கு இரண்டாம் காப்பு, அதுதான் என் கையில் இருப்பது. காப்புக் கட்டியவன் நோம்பி முடிந்து மஞ்சள் நீராடும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கறி கூடாது, செருப்பு கூடாது, பொய் கூடாது. போன் கூடக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது முறைக்காரர்களுக்கு மட்டும்.

“ஏப்பா, ஃபேக்டரியில சொன்னியா?”

“சூப்பர்வைசர்கிட்டச் சொன்னனுங்களே. நோம்பி சாட்டியாச்சுங்க சார், காப்புக் கட்டோணும்னு. ‘செரி, போய்க் கட்டிக்கோ’ன்னாரு.”

அந்த சூப்பர்வைசர் ஆலப்புழைக்காரர். காப்புக் கட்ட அரைமணி நேரம் ஆகும் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்லி என்ன, எனக்கும் அப்படித்தானே தெரியும்.

அன்றிரவு அவன் வீட்டில் சாப்பிட்டேன். கடிதம் பைக்குள்ளேயே இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. சரோஜா சோறு போட்டுக்கொண்டே அண்டை வீட்டுப் பெண்ணிடம் சொன்னது எனக்கும் கேட்கத்தான் சொன்னது: “பாவம், இவுரு ஆளைத் தேடி வந்தாரு. இனி இவரைத் தேடி யாராச்சும் வரோணும்.”

காலையில் பள்ளிக்கூட மதிலோரம் போனேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பத்தடி தள்ளி எல்லைக்கல். கல்லுக்கு இந்தப்பக்கம் இரண்டு காலையும் அழுத்தி வைத்துக்கொண்டு மேனேஜருக்குப் போன் போட்டேன்.

“எந்தாயி? ஆள் உண்டோ?”

“உண்டு சார்.”

ஆள் இருப்பது அவருக்கு வேண்டாத செய்தி. ஹெட் ஆபீஸுக்கு நேற்றே மெயில் போயிருந்தது, ஆள் ஓடிவிட்டான் என்று.

“எடோ, நீ இப்போ அதெல்லாம் நோக்கண்டா. வாசலில் கடுதாசி ஒட்டு. கண்டில்லா என்னு ஒரு வரி எழுதிக் கொண்டு வா.”

“சார், நான் கண்டேனே.”

“நீ கண்டது நமக்குள்ள இருக்கட்டும்.”

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். எனக்குச் சொல் சொல்லிக் கொடுத்தவர் அவர். வேலை அவர் கையில். மறுபக்கம் என் கையில் மஞ்சள் கயிறு. பொய் எழுதினால் அம்மை போட்டுவிடுமோ என்று பயம், எழுதாவிட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். தைரியசாலிகளுக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். பயந்தாங்கொள்ளிகளுக்கு என் யோசனை இது: இரண்டு பக்கமும் பயம் சமமாக இருந்தால் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிடுங்கள். பொய் சொன்னால் அதைக் கடைசிவரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், அது நமக்குத் தாங்காது.

“சார், நேத்து ராத்திரி அவன் வீட்டுலதான் சாப்பிட்டேன். கண்டேன்னுதான் சார் எழுத முடியும்.”

“செரி. நீ எப்போ வரும்?”

“அதைத்தான் சார் சொல்ல வந்தேன்.”

காப்புக் கதையைச் சொல்லி முடித்தேன். “நீயுமோ?” என்றார்.

கோயிலுக்குத் திரும்பி வந்து கடிதத்தை மயில்சாமியிடம் கொடுத்தேன். இங்கிலீஷ் என்பதால், “நீங்களே படிங்கண்ணா,” என்றான். சுற்றிலும் இருபது பேர். நானே டைப் அடித்த கடிதத்தை நானே படித்து நானே தமிழில் சொன்னேன். நீ அப்ஸ்காண்டு ஆகிவிட்டாய், அதாவது ஒளிந்து ஓடிவிட்டாய், நீ இருக்கும் இடம் தெரியவில்லை, ஆகையால் உன் பெயரை ஏன் அடிக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் கொடு.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பம்பைக்காரர் பம்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஏனுங்க, மூணு ஊரு சனம் பார்க்கக் கம்பத்தைச் சுத்தறவன் ஒளிஞ்சுட்டானாமா? எல்லையைத் தாண்டினாத் தெய்வக் குத்தம்னு நிக்கறவன் ஓடீட்டானாமா?”

சரோஜா சிரிக்கவில்லை. “பேரை அடிச்சா, அடுத்த மாசம் பர்மனெண்டு ஆகுமுங்களா, ஆகாதுங்களா? அதைச் சொல்லுங்க,” என்றார்.

“ஆகாதும்மா,” என்றேன்.

அதற்குப்பின் யாரும் சிரிக்கவில்லை. மயில்சாமி கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். “கட்டுன காப்பை அவுக்க முடியாதுங்கண்ணா. முடிச்சுட்டு வந்து பார்க்கறன்,” என்று கம்பத்துக்குப் போய்விட்டான். அவன் ஆட்டத்தில் ஒரு அடி பிசகவில்லை.

நெருப்புச் சட்டி எடுத்த கதையை இங்கே சொல்லப் போவதில்லை. எடுத்தேன், சட்டி உடையவில்லை, நானும் உடையவில்லை.

மஞ்சள் நீராடி, காப்பு அவிழ்த்து, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாகவே கஞ்சிக்கோட்டுக்கு வந்தோம். ஒரே சீட். இரண்டு பேர் சட்டையிலும் ஒரே மஞ்சள் கறை. கேட்டில் வாட்ச்மேன் என்னை உள்ளே விட்டான். மயில்சாமியை நிறுத்தினான். எனக்கு அத்தனை நாளும் ‘டியூட்டியில் வெளியூர்’ என்று மேனேஜர் எழுதியிருந்தார், அவர்தானே அனுப்பினார். மயில்சாமிக்கு, விசாரணை முடியும் வரை உள்ளே வரக் கூடாது என்று ஒரு தாள். பதினோரு வேலை நாள் அவன் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். தினமும் ஷிப்டு நேரத்துக்குச் சரியாக வருவான், நான் பார்க்கிற இடத்தில் உட்காருவான்.

பிறகுதான் முதலில் சொன்ன அந்த அறை.

வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மேனேஜரைப் பார்த்தார்.

“இந்த வார்த்தை ஆரு எழுதினது?”

“நான்தான் சார்.”

“நல்ல வார்த்தையாக்கும். ஆனா இதுக்கு ரெண்டு காலு. ஒரு காலு போறது, இன்னொரு காலு ஒளியறது. ஒத்தைக் காலில நிக்காது. லீவு சொல்லாம வீட்டுல இருந்தா ‘வரலை’. இனி வரமாட்டேன்னு போனா ‘விட்டுட்டான்’. சட்டம் வந்து கையை வெக்கப் போறதுன்னு தெரிஞ்சு, ஒருத்தர் கண்ணிலயும் படாம நழுவினா, அதாக்கும் இது. ஜாமீன்ல வந்தவன், பெட்டியோட போன கேஷியர், அவாளுக்கெல்லாம் எழுதற வார்த்தை.”

மேனேஜருக்குச் சொல் என்றால் உயிராயிற்றே. தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து, “இதோட மூலம் என்னவாக்கும் சார்?” என்று கேட்டார்.

வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “லத்தீன். ‘கொண்டெரே’ன்னா சாமானை ஒண்ணாச் சேர்த்து பத்திரமா உள்ள வெக்கறது. பத்தாயத்துல நெல்லு வெக்கறோமில்லையா, அது. முன்னாடி ‘அப்’னு ஒண்ணைச் சேர்த்தா, அப்பால கொண்டுபோய் ஆரும் காணாம வெக்கறதுன்னு ஆச்சு. ஆதியில சாமானைத்தான் ஒளிச்சு வெச்சா. பின்னே மனுஷன் தன்னையே சாமானாட்டம் எடுத்து ஒளிச்சு வெச்சுக்க ஆரம்பிச்சான். இங்கிலீஷ்காரன் கடனாளியைப் பிடிக்க அந்த வார்த்தையை எடுத்துண்டான்.” பிறகு மயில்சாமி பக்கம் திரும்பினார். “நீ பத்தாயத்துக்குள்ள இருந்தியா?”

“இல்லீங்க சாமி. கம்பத்தடியில இருந்தனுங்க.”

ஜன்னலுக்கு வெளியே இருந்து சரோஜா குரல் வந்தது: “ஒளிஞ்சிருந்தா நான் எதுக்குங்க தெனம் இருவது பேருக்குச் சோறாக்குனன்?”

“அம்மா, சாட்சி சொல்றதானா உள்ள வந்து சொல்லணும்,” என்றார் வக்கீல், எழுதிக்கொண்டே. பிறகு என்னைப் பார்த்தார். “நீர் கம்பெனி சாட்சி. இவனைத் தேடிப் போனேர். கண்டேரா?”

மேனேஜர் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்டேன் சார். இறங்கின கால் மணி நேரத்துல.”

“பின்னே ஏன் உடனே திரும்பலை?”

“எனக்கும் காப்புக் கட்டிட்டாங்க சார்.”

பேனா நின்றது. முழுக்கதையையும் கேட்டார். பூவோடு வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி இன்னொரு தடவை துடைத்தார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். பிறகு என் வருகைப் பதிவைக் கேட்டு வாங்கி, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ஓய் மேனேஜர், ஒரே ஊரு. ஒரே கயிறு. ஒரே நாளில அவிழ்த்தா, ஒரே பஸ்ஸுல வந்தா. ஒருத்தன் டியூட்டி பார்த்தானாம், மத்தவன் ஒளிஞ்சிண்டானாம். இவன் ஒளிஞ்சிண்டான்னா, ஒளிஞ்சவன் வீட்டுல உக்காந்து சாப்பிட்ட உம்ம கிளார்க்குக்கு என்ன பேரு? ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை போடும். எதுன்னாலும் எனக்குச் சம்மதம்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். தப்பித்துக்கொள்ள என்னையும் ஒளிந்தவன் ஆக்கிவிட்டால் என் பென்ஷன் என்ன ஆவது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவர் எழுந்து வக்கீல் முன்னால் இருந்த கடிதத்தை எடுத்தார். அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, மேலே ‘அனுமதி எழுதி வாங்காமல் வரவில்லை’ என்பதற்கான எளிய இங்கிலீஷை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு சொல்லில் அதுதான் அவருக்கு ரொம்பச் சாதாரணமான சொல்.

“எச்சரிக்கை ஒண்ணு கொடுக்கும், சார்,” என்றார்.

“கொடும். அடுத்த தடவை நோம்பி வரச்சே, வாயால சொன்னாப் போறாது, எழுதிக் குடுன்னு சேர்த்து எழுதும்.”

வெளியே சரோஜாதான் முதலில் மூக்கைச் சிந்தினார்.

அன்று மேனேஜர் என்னைத் திட்டுவார் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். கிளம்பும்போது மேஜையருகே நின்று ஒன்றே ஒன்று சொன்னார்: “இனி இந்த வாக்கு எழுதும் முன்னே ஒரு பஸ் டிக்கெட் எடு.” அது எங்கள் ஆபீஸில் சட்டமாகிவிட்டது. போய்ப் பார்த்ததில் ஒருவர் காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். ஒருவர் மூணாறுப் பக்கம் ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் யாருமே ஒளியவில்லை. நிஜமாக ஒளிந்து ஓடியவன் ஒரே ஒருவன், எங்கள் கேன்டீன் கேஷியர். அவன் பதிவில் ஒரு நாள் கூட விடுப்பு கிடையாது. போகும் முந்தின நாள் எனக்கு ஒரு வடை அதிகமாக வைத்தான்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆள் வரவில்லை என்பது நம் கண்ணுக்குத் தெரிவது. ஏன் வரவில்லை என்பது நம் கண்ணுக்குத் தெரியாதது. முன்னதை மட்டும் எழுதுங்கள். பின்னதை எழுத ஆசை வந்தால், எந்த பஸ் என்று முதலில் விசாரியுங்கள்.

மயில்சாமி அடுத்த மாதமே நிரந்தரமானான். இப்போது ஃபோர்மேன். நோம்பி நாட்களுக்குச் சம்பளம் இல்லை, அதை அவன் கேட்கவும் இல்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினோரு நாள், கம்பெனி தடுத்ததால் போன நாள். அதற்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று வக்கீல் தன் அறிக்கையிலேயே எழுதியிருந்தார். அறிக்கை ஹெட் ஆபீஸுக்குப் போனது. பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்தது. மேனேஜர் ரிட்டையர் ஆனார், பிறகு நானும் ஆனேன். நான் மூன்று தடவை ஞாபகக் கடிதம் அடித்தேன், நாலாவதை அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் மயில்சாமியைப் பார்த்தேன். “அந்தப் பணத்துக்கு மட்டும் அந்த வார்த்தையைப் போடலாமுங்களாண்ணா?” என்று கேட்டுச் சிரித்தான். தாராளமாகப் போடலாம். நாள் ஒன்றுக்கு அறுநூற்று நாற்பது வீதம், ஏழாயிரத்து நாற்பது ரூபாய்.